பல் டாக்டர் வீட்டு அருங்காட்சியகம்

நான் எப்போது முடிப்பேன் என்று இப்போதே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் அவைத் தலைவர் அவர்களே! முன்வரிசையைப் பெரியவர்களுக்கு விடாமல் பிடித்து வைத்திருக்கும் இளைஞர்களே! அதைப் பொருட்படுத்தாமல் பின்வரிசையில் புன்னகைக்கும் பெரியவர்களே! அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற ஐயத்தோடு அமர்ந்திருக்கும் என் அன்புத் தாய்மார்களே! வாழ்நாளெல்லாம் பிறரை வாய் திறக்கச் சொல்லி, இன்று இந்த நகரையே வாய் பிளக்க வைத்திருக்கும் பல் டாக்டர் அம்மா அவர்களே! மேடையில் எனக்குப் பக்கத்தில், நான் என்ன சொல்லப்போகிறேனோ என்று நெளிந்துகொண்டிருக்கும் நகரமன்ற உறுப்பினர், நம் அடிக்கல் அண்ணன் அவர்களே! அனைவருக்கும் வணக்கம்.

அண்ணா, கவலைப்படாதீர்கள். நடந்ததை மட்டுமே சொல்வேன். என்ன, அதுதான் கவலையா?

அருங்காட்சியகம் என்றால் என்ன? அரசர் அணிந்த முடி, அரசி பூண்ட முத்து, அவர்கள் சண்டையிட்ட வாள். நம் நகரில் அரசரும் இல்லை, அரசியும் இல்லை. சண்டை மட்டும்தான் உண்டு. அப்படியிருக்க, டாக்டர் அம்மா தமது வீட்டிலேயே நடத்திவந்த பழைய பல் மருத்துவமனையை அருங்காட்சியகமாக்கிவிட்டார் என்று கேட்டதும், என் மச்சான் என்னை இழுத்துக்கொண்டு போனான். ஏன் தெரியுமா? அனுமதி இலவசம். மின்விசிறியும் உண்டு.

உள்ளே நுழைந்தோம். முதல் அறையில் ஒரு பேருந்து நிறுத்தக் கம்பம். அதில் பேருந்து ஒருநாளும் நின்றதில்லை. ஆனால் அங்கே காத்திருந்து காத்திருந்து பேசிப் பழகி, காதலித்துக் கல்யாணமும் செய்துகொண்டவர்களின் புகைப்படம் பக்கத்தில் மாட்டியிருக்கிறது. அடுத்து, மணிக்கூண்டின் முட்கள். நம் மணிக்கூண்டுக்கு நான்கு முகம். நான்கும் நான்கு வெவ்வேறு மணி காட்டின. நகரமன்ற அலுவலகத்துக்கு வருகிறவர் ஒரு முகத்தைப் பார்த்து வந்தார். போகிறவர் இன்னொரு முகத்தைப் பார்த்துப் போனார். இரண்டு பேருமே நேரம் தவறாதவர்கள்! (கைதட்டாதீர்கள். கைதட்டுகிறவர்களில் பாதிப் பேர் அந்த அலுவலகம்தான்.)

அதற்கும் அப்பால், நோயாளிகள் அமரும் அறை. 'காத்திருப்போர் அறை' என்ற பழைய பலகையை அம்மா கழற்றவில்லை. ஏன் கழற்ற வேண்டும்? அங்கே நாற்காலிகளின் மேல் வரிசையாக வீற்றிருந்தவை எவை? அடிக்கற்கள்! நூலகத்துக்கு நாட்டிய கல். பூங்காவுக்கு நாட்டிய கல். புல்லை மாடும் மண்ணைப் பன்றியும் மேய்ந்த இடங்களில் கிடந்த பளிங்குக் கற்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். பெயர் தங்கத்தில், திட்டம் தண்ணீரில்!

முதல் நாற்காலியில் இருந்தது, கால்வாய்ப் பாலத்துக்கு நாட்டிய கல். அதில் யார் பெயர் என்று கேட்கிறீர்களா? அண்ணன் தண்ணீர் குடிக்கிறார். குடிக்கட்டும்.

அந்தக் கல் அங்கே வந்த கதையை டாக்டர் அம்மாவே எங்களிடம் சொன்னார். அவருடைய மருமகள் செவிலி. வீடு இக்கரை, அவர் வேலை பார்க்கும் மருத்துவமனை அக்கரை. நடுவில் கால்வாய். சுற்றிப்போனால் வேலை நேரம் போய்விடும். ஆகவே கால்வாயின் குறுக்கே போகும் தண்ணீர்க் குழாயின் மேல் நடந்து போவார். ஒரு மழைநாளில் வழுக்கி விழுந்து கை முறிந்தது. மருமகள் விழுந்த இடத்தைப் பார்க்கப் போன மாமியார், கோரைப்புல்லுக்குள் கால் இடறியபோது கண்டெடுத்ததுதான் அந்தக் கல். 'இவ்விடத்தில் பாலம் அமைக்க' என்று அதில் அழகாகப் பொறித்திருந்தது. தள்ளுவண்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். அதைக் கேள்விப்பட்டு, நகரமே அவரவர் தெருவின் கல்லைக் கொண்டுவந்து குவித்தது.

அவர் சொல்லி முடிப்பதற்குள் வாசலில் லாரி வந்து நின்றது. லாரியிலிருந்து குதித்தார் நம் அண்ணன்.

"அம்மா, இதெல்லாம் நல்லால்ல. பொதுச்சொத்தை வீட்ல வச்சிருக்கீங்க!"

பல் டாக்டரிடம் போய்ச் 'சொத்தை' என்று சொல்லலாமா?

"சொத்தைன்னா சும்மா விடக்கூடாது தம்பி," என்றார் அம்மா. "ஒண்ணு அடைக்கணும், இல்ல புடுங்கணும். நீங்க எதுக்கு வந்திருக்கீங்க?"

"பாலத்துக் கல்லை எடுத்துட்டுப் போக வந்திருக்கேன்."

"தாராளமா எடுத்துக்குங்க. எங்க வைக்கணும்னு அதுலயே எழுதியிருக்கு. நீங்க வழி மறந்திருப்பீங்க, நாங்களும் கூட வர்றோம்."

கல்லை லாரியில் ஏற்றினார்கள். லாரிக்குப் பின்னால் அம்மா. அம்மாவுக்குப் பின்னால் நான், என் மச்சான், தெருவில் இருந்தவர்கள், எதற்கென்று தெரியாமலே சேர்ந்துகொண்டவர்கள். கால்வாய்க் கரையில் கல்லை இறக்கினார்கள். அண்ணன் கையைத் தட்டிவிட்டுக்கொண்டு கிளம்பப் பார்த்தார்.

அப்போதுதான், அன்பர்களே, அக்கரையில் அந்த மருமகள் தெரிந்தார். கை கூடி, மறுபடி வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்த நேரம். பணி முடித்து, செருப்பைக் கையில் பிடித்து, குழாயின் மேல் ஏறிவிட்டார். இக்கரையில் இத்தனை கூட்டத்தைக் கண்டதும் நடுவழியில் திகைத்து நின்றார். உடல் ஒரு பக்கம் சாய்ந்தது. கீழே கருத்த நீர். டாக்டர் அம்மா என் தோளைப் பிடித்தார். எத்தனையோ பேரின் பல்லைப் பிடுங்கிய அந்தக் கை பிடித்த பிடியில், என் தோளே கழன்றுவிடும் போலிருந்தது.

மருமகள் நிமிர்ந்தார். நடந்தார். வந்து சேர்ந்தார்.

"என்ன அத்தை, இவ்வளவு கூட்டம்?"

"பாலத்தைப் பார்க்க வந்திருக்காங்கம்மா."

அந்தப் பெண் கல்லைப் பார்த்தார். கல்லில் இருந்த பெயரைப் பார்த்தார். பெயருக்கு உரியவரைப் பார்த்தார்.

"அண்ணே, நான் தினம் நடக்கறேன். நீங்க ஒரே ஒருவாட்டி நடந்து பாருங்களேன்."

கூட்டம் பார்க்கிறது. படம் பிடிக்க ஆள் நிற்கிறது. மறுக்க முடியுமா? அண்ணன் ஏறினார். வாக்குக் கேட்டு வீடு வீடாக ஏறி இறங்கிய அந்தக் கால்கள், குழாயின் மேல் ஓர் அடி வைத்தன. இன்னோர் அடி வைத்தன. பிறகு அப்படியே குழாயைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்துவிட்டன! முன்னாலும் போக முடியவில்லை. பின்னாலும் வர முடியவில்லை. நம் நகரின் திட்டங்கள் எந்த நிலையில் இருக்கின்றனவோ, அந்த நிலையில் அண்ணனும் இருந்தார்.

"அம்மாடி, கையக் குடும்மா!"

கொடுத்தார். முறிந்து கூடிய அதே கையைக் கொடுத்து, மெல்ல மெல்லக் கரை சேர்த்தார். அண்ணன் முகத்தில் வியர்வை. மேடை கண்டால் மணிக்கணக்கில் பேசும் மனிதர், நேராக லாரியில் ஏறிப் போய்விட்டார்.

மறுநாள் பொறியாளரோடு வந்தார். திட்டினார், கெஞ்சினார், அலுவலகம் அலுவலகமாக அலைந்தார். "அந்தப் பொண்ணு எப்படித்தான் தினம் நடந்துச்சோ" என்று போகிற இடமெல்லாம் புலம்பினார். பாலம் எழுந்தது! நீங்களும் நானும் இன்று அதன்மேல் நடந்துதான் இந்தக் கூட்டத்துக்கு வந்தோம். ஆகவே கேலி செய்த இதே வாயால் கேட்கிறேன்: அண்ணனுக்கு ஒரு கைதட்டல் கொடுங்கள். பலமாக! அவர் எழுந்து கும்பிடுகிறார். உட்காருங்கள் அண்ணா, இன்னும் நூலகம் இருக்கிறது.

போன வாரம் மறுபடி அருங்காட்சியகத்துக்குப் போனேன். காத்திருப்போர் அறையில் முதல் நாற்காலி காலி. கல்லைப் பாலத்தின் அடியிலேயே பதித்துவிட்டார்கள். நாற்காலியின் மேல் அம்மா ஓர் அட்டை வைத்திருக்கிறார்: 'இங்கே இருந்த கல் வேலைக்குப் போய்விட்டது.'

என் அருமை மக்களே! எந்த அருங்காட்சியகத்தையும் நிறைக, பெருகுக என்றுதான் வாழ்த்துவார்கள். நான் அப்படி வாழ்த்த மாட்டேன். இது குறைக! இது தேய்க! ஒவ்வொரு தெருவும் வந்து தன் கல்லைக் கேட்கட்டும். ஒவ்வொரு நாற்காலியும் காலியாகட்டும். பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை என்று அந்தக் கதவை டாக்டர் அம்மா தம் கையாலேயே பூட்டுகிற நாள் வரட்டும்! அந்த நாளில், இந்த நகரத்தைச் சுற்றிப் பார்க்க உலகம் வரும்.

பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், பொறுமை இழந்தும் மணி அடிக்காத தலைவருக்கும் என் நன்றி. பாலத்தின் வழியே பத்திரமாக வீடு போய்ச் சேருங்கள். வணக்கம்.