ஏழாவது ஆணி

அன்று மத்தியானம் நோரா என் தட்டிலிருந்த காணாங்கெளுத்தி மீனுக்கு முள்ளெடுத்துக் கொடுத்தாள். கல்யாணமான எட்டு வருஷமும் அவள்தான் எடுப்பாள். என் தொண்டையில் முள் சிக்கிவிடும் என்று அவளுக்குப் பயம். "பிடிலப் பாத்துக்கினே துன்னாதீங்க. இன்னா அவசரம்?" என்றாள். அதுதான் எங்கள் வீட்டில் அவள் பேசிய கடைசிப் பேச்சு.

சுவாமி, அவளுடைய நான்காம் ஆண்டுப் பூசையில் என்னைப் பிடில் வாசிக்கச் சொல்லியிருக்கிறீர்கள். நீங்கள் சாந்தோமுக்குப் புதியவர். அதற்குமுன் நீங்கள் அறிய வேண்டியதை எழுதிவிடுகிறேன். மண்டியிட்டுச் சொல்ல எனக்கு வராது.

1934ஆம் வருஷக் கோடையில், பனகல் பூங்காவுக்குத் தெற்கே இருந்த காலி மனையில் தாகேதா என்ற ஜப்பானியர் வித்தைக் கூடாரம் போட்டிருந்தார். நான் வேலை பார்த்த பங்குப் பள்ளிக்கூடம் விடுமுறை. நான் அங்கே பிடில் வாசித்தேன். நோரா பலகையில் சாய்ந்து, அவள் அளவுக்கு வரைந்திருந்த கரிக்கோட்டுக்குள் நிற்பாள். தாகேதா பன்னிரண்டு அடி தள்ளி நின்று அவளைச் சுற்றி ஏழு இரும்பு ஆணிகளை எறிவார். ஒரு சாண் நீளம், ஒரு முனை மட்டும் கூர். தங்கள் ஊரில் அதற்கு ஷூரிக்கன் என்று பெயர் என்றார். நட்சத்திரம் போன்ற தகடுகளும் வைத்திருந்தார். எப்படி எறிந்தாலும் குத்தி நிற்கும், ஆனால் ஆழமாக இறங்காது என்பதால் அவற்றை அவர் மதிப்பதில்லை.

"கொல்றது வாள். இது கண்ணு. இது கை," என்று தனக்குத் தெரிந்த தமிழில் ஒருமுறை சொன்னார். எதிரியின் கண் மூடினால் போதும், வாள் பிடித்த விரல் தளர்ந்தால் போதும். மிச்சத்தைத் தன் வாள் பார்த்துக்கொள்ளும் என்பது அதன் பொருள். முரசு அடிக்கும் கபாலி, "அப்போ என் மாமியார் கண்ண மட்டும் எட்துக் குடு நைனா," என்றான். தாகேதா சிரிக்கவில்லை. கயிற்றில் தொங்கவிட்ட ஆட்டுத்தலையின் இடக்கண்ணில் ஓர் ஆணியை இறக்கிக் காட்டினார். அதைப் பிடுங்கிக் கழுவியது நான்.

ஆணிகளைத் துடைத்துப் பெட்டியில் அடுக்குவதும் என் வேலைதான். ஏழு குழிகள். அவர் பார்க்காமலே வரிசையாக எடுப்பார். முதல் ஆறையும் தலைக்கு மேலிருந்து எறிவார். ஆணி விரல் வழியே வழுக்கிக் கூர் முன்னே போகும். ஏழாவதை மட்டும் வலப்புறமிருந்து பக்கவாட்டில் வீசுவார். அது அவருக்கு வலப்பக்கமாக, நோராவின் கழுத்தோரம் நிற்கும்.

ஜூனில் கூடாரம் பினாங்குக்குக் கப்பலேறுவதாக இருந்தது. "நீங்களும் வாங்க. பிடிலுக்கு ஆள் வேணும்னு அவரே சொல்லிக்கினு கீறாரு," என்றாள் நோரா. பங்குப் பள்ளி வேலையை விட்டு நான் எப்படிப் போவது? அப்படியானால் தான் மட்டும் ஆறு மாதம் போய்வருவதாகச் சொன்னாள். நான் கோபப்படவில்லை. ஏப்ரலில் அவள் இடக்கை விரல்களைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தினேன். இரண்டு நகங்கள் போயின. பத்து நாள் வீட்டில் இருந்தாள். தலை பின்னிவிட்டதுகூட நான்தான். அவை நல்ல நாட்கள். ஆறியதும் பலகைக்குப் போய்விட்டாள்.

விரலில் பட்ட காயம் ஆறிவிடுகிறது. கழுத்தோரம் தோல் கிழிந்து வடு விழுந்தால், வடுவுள்ள பெண்ணை யாரும் பலகையில் நிறுத்தமாட்டார்கள் என்று நினைத்தேன்.

வில்லுக்குத் தேய்க்கும் குங்கிலியம் எப்போதும் என் சட்டைப்பையில் இருக்கும். ஆணியில் தடவினால் அது விரலில் ஒரு கணம் பிடித்துத் தாமதமாகக் கிளம்பும். பக்கவாட்டு வீச்சில் தாமதமானால் இடப்புறம் விலகும். கொல்லையில் வாழைத்தண்டை நிறுத்தி எறிந்து பார்த்தேன். லேசாகத் தடவினால் ஒரு விரற்கடை விலகியது. கனமாகத் தடவினால் ஆறு. நான் நினைத்த அளவு பிடிபட மூன்று வாரம் ஆனது. பிறகு பத்துக்கு ஒன்பது முறை நான்கு விரற்கடை. எதையும் அரைகுறையாகச் செய்வது எனக்குப் பிடிக்காது.

மே மாதக் கடைசிச் சனிக்கிழமை. ஆறு ஆணிகளும் சரியாக நின்றன. ஏழாவது நோராவின் தொண்டைக் குழியில் இறங்கி அவளைப் பலகையோடு தைத்தது. அவள் அசையவில்லை, அசையாமல் நிற்பதில் அவளுக்கு நல்ல பழக்கம். கண்கள் மட்டும் என் பக்கம் திரும்பின. வெள்ளைச் சட்டையில் ரத்தம் இடுப்புவரை இறங்கிய பிறகே சனங்கள் கைதட்டலை நிறுத்தினார்கள். நான் வாசித்துக்கொண்டிருந்த அடியை முடித்துவிட்டு வில்லை இறக்கினேன்.

தாகேதா விரல்களை ஒன்றோடொன்று தேய்த்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் வாய் திறப்பதற்குள், வேடிக்கை பார்க்க வந்திருந்த நோராவின் குப்பத்து ஆட்கள் அவர்மேல் பாய்ந்துவிட்டார்கள். நோராவின் தாய்மாமன் அங்கமுத்து, முளை அடிக்கும் சம்மட்டியால் அவருடைய வலக்கையை விரல் விரலாக நொறுக்கினார். அந்த விரல்களில் என்ன ஒட்டியிருந்தது என்று அதன்பின் யாரும் பார்க்க வழியில்லை. "அழுவாத நைனா. அவன் கை இனிமே சோறுகூட அள்ளாது," என்று என்னைக் கட்டிக்கொண்டார். நான் அழுதுகொண்டுதான் இருந்தேன், அது நடிப்பல்ல.

விசாரணையில் தாகேதா, "கை தப்பு," என்று மட்டும் சொன்னார். அடுத்த மாதம் அந்தக் கை அழுகி இறந்துபோனார்.

பலகையைக் கபாலி என் வீட்டில் கொண்டுவந்து சேர்த்தான். அதை நான் கழுவவில்லை. சுவாமி, ஒரு வடுவைத் தவிர வேறெதையும் நான் நினைத்ததில்லை. ஆகையால் ஞாயிறன்று வாசிக்க எனக்குத் தடையிருக்காது என்று நம்புகிறேன்.

கரிக்கோடு இன்னும் அழியவில்லை. ஏழாவது ஆணி தினமும் நின்ற பழைய துளையும் அப்படியே இருக்கிறது. நேற்றும் விரல் வைத்து அளந்தேன். அந்தத் துளையிலிருந்து அவள் கழுத்தின் தோலுக்கு ஒரு விரற்கடை. தொண்டைக் குழிக்கு நான்கு.