எல்லாம் பச்சையாவே இருக்கு

மச்சினன்: இந்த ஆப்பும் பச்சைதான் காட்டுது, அத்தான்.

அத்தான்: அப்ப இதுவும் சரியில்ல. அடுத்ததைத் திற.

மச்சினன்: நல்லாத்தானே இருக்கு... இங்கேர்ந்து பெரியக்கா ஊரு வரைக்கும் கோடு போட்டு, காத்து எந்தப் பக்கம், பெட்ரோல் எவ்வளவு வேணும், எல்லாம் சொல்லிடுச்சு. ஞாயித்துக்கிழமை காலைல விமானத்தை எடுத்துக்கிட்டுக் கிளம்பலாமாம்.

அத்தான்: அது சொன்னா ஆச்சா? எழுத்தெல்லாம் பொடிப்பொடியா இருக்கு. மேலே போனப்புறம் கண்ணாடியைத் தேடிக்கிட்டு இருக்க முடியுமா?

மச்சினன்: எழுத்தைப் பெருசாக்கலாம்.

அத்தான்: பெருசாக்கினா படம் மறையும். மொதல்ல நீ நிமிர்ந்து உக்காரு மாப்ள. பல்லு புடுங்க வந்தவன் மாதிரி படுத்துக்கிட்டு...

மச்சினன்: உங்க க்ளினிக்ல உக்கார வேற என்ன இருக்கு? ஒரே ஒரு ஸ்டூல், அதுல நீங்க. பேஷண்ட் நாற்காலில சாஞ்சு, லேப்டாப்பை வயித்து மேல வச்சாத்தான் எனக்குத் தோது. சரி, இது மூணாவது ஆப். வானிலை ரொம்ப விவரமா இருக்கும்னு நீங்களே சொன்னது.

அத்தான்: எங்க ஃப்ளையிங் கிளப்புல பாதிப் பேரு இதைத்தான் வச்சிருக்காங்க. மேகம் பாரு.

மச்சினன்: பாக்கறேன்... இல்ல.

அத்தான்: எங்கேயுமா?

மச்சினன்: துடைச்சு வச்ச மாதிரி இருக்கு.

அத்தான்: ஓரத்துல... அந்த மலைப் பக்கம் கறுப்பா ஏதோ தெரியுதே?

மச்சினன்: அது உங்க விரல் ரேகை, அத்தான். திரையில ஒட்டிக்கிட்டு இருக்கு.

அத்தான்: ம்...

மச்சினன்: ஒரு துண்டு மேகமாவது இருக்கும்னு நானும் பாத்தேன். என்ன பண்றது.

அத்தான்: உனக்கு எதுக்கு மேகம்?

மச்சினன்: சும்மா... ஒரு பேச்சுக்கு. அடுத்து, ஏறறவங்க எடை கேக்குது. உங்களது போட்டாச்சு. அக்காவுக்கு?

அத்தான்: கல்யாணத்தப்ப என்ன இருந்தாளோ அதேதான்னு இன்னி வரைக்கும் சாதிக்கிறா.

மச்சினன்: அதையா போடறது?

அத்தான்: தொண்ணூறு போடு.

மச்சினன்: அத்தான்... அவ வெளில ரிசப்ஷன்லதான் உக்காந்திருக்கா.

அத்தான்: அதான் மெதுவாச் சொல்றேன். பொட்டியும் சேத்துன்னு வச்சுக்கோ.

மச்சினன்: நூறாவே போட்டுடறேன்.

அத்தான்: போடு, போடு... என்ன சொல்லுது?

மச்சினன்: தாராளமாப் போகலாமாம். இன்னும் ஒருத்தரை ஏத்தினாலும் தாங்குமாம்.

அத்தான்: கெட்டுது போ.

மச்சினன்: ஒண்ணு கேட்டாக் கோச்சுக்க மாட்டீங்களே... ஊர்ல எல்லாரும் போற வழியைச் சொல்ற ஆப்பைத் தேடுவாங்க. நீங்க போகாதேன்னு சொல்ற ஆப்பைத் தேடற மாதிரி இருக்கு.

அத்தான்: எழுத்து பொடியா இருக்குன்னுதானேடா சொன்னேன்.

மச்சினன்: லைசென்ஸ் வாங்கினதும் தனியாப் பறந்துட்டு வந்தீங்களே. அன்னைக்குச் சாப்பாட்டுல அந்தக் கதைதானே ஓடிச்சு. நீங்க ஓட்டின அழகைப் பாத்து, இன்னும் கொஞ்சம் சுத்திட்டு வாங்கன்னு கிளப்புலயே சொன்னாங்கன்னு...

அத்தான்: கதவைச் சாத்து.

மச்சினன்: சாத்தித்தான் இருக்கு.

அத்தான்: அவங்க சுத்திட்டு வரச் சொல்லல. நான்தான் வழி தெரியாமச் சுத்தினேன்.

மச்சினன்: என்ன சொல்றீங்க?

அத்தான்: ரயில் பாதையை இடது பக்கமா வச்சுக்கிட்டே போனா இறங்கற இடம் வந்துடணும். நடுவுல ஒரு ஜங்ஷன், அங்கே பாதை ரெண்டாப் பிரியுது. நான் எதைப் புடிச்சேனோ... வர வேண்டிய ஏரி வரல. வரக்கூடாத சிமெண்ட் ஃபாக்டரி வருது. நாக்கு உலர்ந்து மேலண்ணத்துல ஒட்டிக்கிச்சு. ரேடியோல கூப்பிட்டேன். அந்தப் பொண்ணு பொறுமையாத்தான் கேட்டா, கீழே என்ன தெரியுதுன்னு. ஒரு மொட்டை மாடில துணி காயுதுன்னேன்.

மச்சினன்: துணியா...

அத்தான்: கண்ணுக்குத் தெரிஞ்சது அதான். அதை விடப் பெருசா ஏதாவது தெரியுதான்னு கேட்டா. சிரிக்காதே.

மச்சினன்: நான் சிரிக்கல. உங்க நாற்காலிதான் குலுங்குது. அப்புறம்?

அத்தான்: ஃபாக்டரியைச் சொன்னதும் புரிஞ்சுக்கிட்டா. பக்கத்துல பயிருக்கு மருந்து தெளிக்கிற விமானம் இறங்கற திடல் ஒண்ணு இருக்கு, அங்கே இறங்குங்கன்னா. இறங்கினேன். அங்கே ஒருத்தர் ட்ரம் உருட்டிக்கிட்டு இருந்தார். கிட்ட வந்து, யாரைப் பாக்கணும்னு கேட்டார்... ஏதோ வாசல்ல வந்து நின்னவனைக் கேக்கற மாதிரி. கிளப்புக்கு ஒரு ஃபோன் போடுங்கன்னேன். சீட்டுலயே தலையைக் குனிஞ்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். கடைசில டீச்சரம்மா, எனக்கு விமானம் ஓட்டக் கத்துக் குடுத்தவங்க, கார் எடுத்துக்கிட்டு அங்கேயே வந்துட்டாங்க. என்னைப் பக்கத்து சீட்டுக்குத் தள்ளிட்டு அவங்களே ஓட்டிட்டு வந்தாங்க. ஒரு வார்த்தை திட்டல. திட்டியிருந்தாத் தேவலை.

மச்சினன்: வீட்டுக்குச் சிரிச்சுக்கிட்டே வந்தீங்களே.

அத்தான்: பொழுது சாயற வரைக்கும் கிளப்புலயே விமானத்தைத் துடைச்சுக்கிட்டு இருந்தேன். சிரிப்பு வந்தப்புறம் கிளம்பினேன்.

மச்சினன்: அதுக்கப்புறமும் வாராவாரம் போயிட்டுத்தானே இருக்கீங்க?

அத்தான்: இப்பவும் துடைச்சுட்டுத்தான் வர்றேன்.

மச்சினன்: இந்த மாதிரி ஒரு ஆப் கையில இருந்திருந்தா வழியே தவறியிருக்காது, அத்தான். நீங்க எங்கே இருக்கீங்கன்னு ஒரு புள்ளி கூடவே நகரும்.

அத்தான்: புள்ளி சரியாத்தான் இருக்கும். புள்ளிக்குள்ள உக்காந்திருக்கிறவன் மேலதான் எனக்கு நம்பிக்கை இல்ல. பல்லு வேர் வரைக்கும் ஊசி விடற கைடா இது. அன்னைக்கு ஆடிச்சு. அதை வச்சுக்கிட்டு உங்க அக்காவை எப்படி ஏத்துவேன்?

மச்சினன்: இதை அவகிட்டயே சொல்லிடலாமே.

அத்தான்: எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு? வர்ற பேஷண்ட் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி என் லைசென்ஸைக் காட்டறா. பெரியக்காகிட்ட ஆகாயத்துல வர்றோம்னு சொல்லியாச்சு. ஒரே ஒரு ஆப் சிவப்பு காட்டினாப் போதும்... வானிலை சரியில்ல, கார்லயே போயிடலாம்னு மரியாதையா முடிஞ்சிருக்கும்.

மச்சினன்: நானும் ஒண்ணு சொல்லணும், அத்தான்.

அத்தான்: சொல்லு.

மச்சினன்: ஆப் பாக்க நீங்க என்னைக் கூப்பிட்டீங்க இல்ல... அதுக்கு முந்தியே அக்கா கூப்பிட்டுட்டா. கூட உக்காந்து, எப்படியாவது சிவப்பு காட்டறதாப் பாத்து அவர் தலையில கட்டுடான்னா.

அத்தான்: அவளா சொன்னா?

மச்சினன்: இல்லேன்னா கூடப்பொறந்தவளுக்கு யாராவது நூறு கிலோ போடுவாங்களா?

அக்கா: யாருக்குடா நூறு கிலோ?

மச்சினன்: ஆப் வாங்கப் போயி ஆப்பு வாங்கினேன்...

அக்கா: மொதல்ல அந்த நாற்காலியை விட்டு இறங்கு. கடைவாய்ப் பல்லு வலின்னு ஒருத்தர் கன்னத்தைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கார்.

அத்தான்: ஒரு நிமிஷம் இரு. ஞாயித்துக்கிழமை... உன்னை விமானத்துல கூட்டிட்டுப் போக முடியாது. மழையெல்லாம் இல்ல. எனக்குப் பயமா இருக்கு.

அக்கா: ம்.

அத்தான்: டீச்சரம்மாவைக் கேட்டு, பழையபடி அவங்களைப் பக்கத்துல வச்சுக்கிட்டு ஓட்டிப் பாக்கறேன். அதே ரயில் பாதையில. அந்த மூணாவது ஆப்பையே மாப்ள வாங்கிடட்டும். பெரியக்கா வீட்டுக்கு இந்தத் தடவை நீ கார்ல போயிட்டு வா.

அக்கா: சரி.

அத்தான்: சரியா? ஏன் எதுக்குன்னு கேக்க மாட்டியா? இவனை வேற அனுப்பி வச்சிருக்கே... பயமா இருந்தா வர மாட்டேன்னு நேராச் சொல்லியிருக்கலாமே.

அக்கா: வர மாட்டேன்னா, என் பொண்டாட்டிக்கே என் மேல நம்பிக்கை இல்லன்னு அதோட விமானத்தை விட்டுடுவீங்க. வர்றேன்னா, வாயைத் திறக்காம என்னை ஏத்திக்கிட்டுக் கிளம்பிடுவீங்க. நான் எதைச் சொல்ல?

அத்தான்: வாயைத் திறக்காமன்னா... உனக்கு என்ன தெரியும்?

அக்கா: கையைக் கழுவுங்க, பேஷண்ட் காத்துக்கிட்டு இருக்கார். அன்னைக்கு டீச்சரம்மா கார்ல வந்து, உங்களோட விமானத்துல திரும்பினாங்களே... அவங்க காரை அந்தத் திடல்லேர்ந்து யார் ஓட்டிட்டு வந்ததுன்னு நீங்க இது வரைக்கும் ஒரு தடவை கூடக் கேக்கல.