சுமை இன்னதென்று சொல்லி அழைத்த ஸுபைதா மிஸ்ஸுக்கு

2006 ஜனவரி 12, வியாழக்கிழமை காலை, பெல்மதுளையிலுள்ள எமது இஸ்லாமிய நலன்புரி நிலையத்தின் முன்னால், தேயிலைத் தோட்டத்துத் தொண்டர்கள் லொறியில் சுமை ஏற்ற மறுத்து நின்றனர்.

மதிப்புக்குரிய ஜனாபா ஸுபைதா அவர்களே! அலுவலகத்தின் பேச்சைத் தொண்டரிடமும், தொண்டரின் ஏச்சை அலுவலகத்திடமும் ஒரு சொல் குறையாமல் சேர்ப்பித்த செம்மலே! பதினாறு ஆண்டுகளாக எங்கள் எல்லோருக்கும் மிஸ்ஸே!

ஓய்வு பெறும் உங்களைப் பாராட்ட அந்தக் காலையைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்த கையோடு, குர்பானாக அறுத்த மாட்டின் இறைச்சி கஹவத்தைப் பக்கத்து வீடுகளுக்குப் போக வேண்டியிருந்தது. “லொறி ஏற்ற எல்லாத் தொண்டர்களும் வரவும்” என்று முதல் நாள் தகவல் அனுப்பினோம். குர்பான் நாளில் லொறி என்றால் இறைச்சிதான். அதைத் தனியே சொல்ல எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. வெள்ளக் காலத்தில் எங்களோடு அரிசி சுமந்த தோட்டத்தவர்கள், இதுவும் அரிசி என்றே எண்ணி வந்தார்கள். ஐயப்பனுக்கு மாலை போட்டிருந்த கன்னையா, கறுப்பு வேட்டியோடு லொறிக்குள் ஏறி, ஏறிய வேகத்திலேயே இறங்கினார்.

“மாட்டெறச்சின்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதுங்களா, புவாட் நானா? மாலை போட்டிருக்கேங்க!”

“ஹஜ்ஜுக்கு லொறியில வேற என்ன ஈக்கும், பூசணிக்காயா?” என்றார் லொறிக்குப் பொறுப்பான புவாட்.

“அப்ப நீங்களே ஏத்துங்க. நாங்க போறோம். இனிமே கூப்பிடாதீங்க.”

அவர்கள் பஸ் தரிப்பிடத்தை நோக்கி நடந்தார்கள். அவர்கள் போய்விட்டால், அடுத்த மண்சரிவில் எங்களைத் தோட்டத்து லயன் வீடுகளுக்குக் கூட்டிப்போக ஆளில்லை. புவாட்டுக்கும் அது தெரியும். இறங்கிப் பேசத்தான் வரவில்லை.

நீங்கள் வெளியே வந்தீர்கள். “இறச்சியெண்டு இவங்களுக்கு யார் செல்லின?” என்று கேட்டீர்கள். நாங்கள் புவாட்டைப் பார்த்தோம், புவாட் லொறியைப் பார்த்தார். “அப்ப பிழை எங்கட” என்றபடி வீதியைக் கடந்து போய், பஸ்ஸுக்கு நின்ற சனம் முழுவதும் கேட்க மன்னிப்புக் கேட்டீர்கள். “இண்டைக்கு வீட்ட போங்க, கன்னையா. இனி என்ன வேலையெண்டு செல்லிட்டுத்தான் கூப்பிடுவேன். வாறதும் வராததும் உங்கட விருப்பம்.”

பதில் சொன்னவர் கன்னையாவோடு நின்ற தொண்டர் வெள்ளையம்மா: “புவாட் நானாவையும் வீட்டுக்கு அனுப்புங்க மிஸ். பாவம், அவருக்கும் யாரும் ஒண்ணும் சொல்றதில்ல போல.”

முதலில் சிரித்தவர் புவாட். அன்று அலுவலகமே இறைச்சி சுமந்தது. வெள்ளைச் சட்டையோடு வந்திருந்த கணக்காளர் வீட்டில் என்ன ஏச்சுக் கேட்டார் என்பதை இன்றுவரை சொல்லவில்லை.

அதன் பின்னர் வந்ததுதான், தோட்டத்தவர்களைத் திரும்ப வரவைத்த உங்கள் திங்கட்கிழமைக் கூட்டம். என்ன வேலை, எங்கே, யாருக்காக என்பதைத் தமிழிலும் சிங்களத்திலும் சொல்வீர்கள். பிந்தி வந்து கடைசியில் அமர்ந்தவர் எழுந்து அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அவர் தடுமாறினால் குறை உங்களுடையது என்று மறுபடி தொடங்குவீர்கள். விலகி நிற்க விரும்புகிறவர் காரணம் சொல்லத் தேவையில்லை. நோன்புக் கஞ்சிக்கு அரிசி போதாதென்ற செய்தியையும், தையல் வகுப்பு நிறுத்தப்படுகிறதென்ற செய்தியையும் ஊர் அறியுமுன் தொண்டர்களிடம் சொன்னீர்கள். அதற்காக நிர்வாகக் கூட்டங்களில் ஏச்சு வாங்கியதையும் நாங்கள் அறிவோம். சுவர் மெல்லியது, மிஸ்.

கூட்டம் நீள்கிறதென்று நாங்கள் முணுமுணுத்ததுண்டு. உங்கள் இஞ்சித் தேநீரின் காரம் பற்றி இம்மேடையில் எதுவும் சொல்வதாக இல்லை.

தொழுகிறவர்கள் துஆவிலும், கும்பிடுகிறவர்கள் கோவிலிலும், ஜெபிக்கிறவர்கள் ஆலயத்திலும் உங்கள் நலத்தையே கேட்கிறோம். முழங்கால் வலி தீர்ந்து, பேரப்பிள்ளைகளின் ஆரவாரத்தில் நெடுங்காலம் நிறைவாக வாழ்வீர்களாக!

உங்கள் தொண்டர் தொடர்புப் பொறுப்பை வரும் ஜனவரி முதல் கன்னையா ஏற்கிறார். அவர் பெயரை முன்மொழிந்தவர் புவாட், நிர்வாகம் ஏற்றுக்கொண்டது.

நிலையத்தின் ஊழியர்களும் தொண்டர்களும்
பெல்மதுளை
2009 டிசம்பர்