வண்டிமேல் குற்றமில்லை

காரைக் கழுவித்தான் நிறுத்தியிருக்கிறேன், உள்ளேயும் நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். ஓட்டிப் பார்த்த பிறகும் உங்கள் முகம் தெளியவில்லை. இந்த வண்டி வைத்திருப்பவர்களின் இணையக் குழுவில் என் மனைவி எழுதியதைப் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள், அப்படித்தானே. இதே வண்டியை வைத்திருக்கும் மற்றவர்களெல்லாம் வருஷக்கணக்காக ஓட்டுகிறோம், ஒரு நாளும் வழியில் நின்றதில்லை என்று எழுதியிருக்க, அவள் மட்டும் இதை நம்பி ஏற முடியாது என்று எழுதியிருக்கிறாள். நீங்கள் பிள்ளைகுட்டிக்காரர். உங்களிடம் பொய் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவள் எழுதியது அத்தனையும் நடந்தது. ஆனால் வண்டிமேல் குற்றமில்லை.

அவள் பிசியோதெரபிஸ்ட். எழுந்து நடமாட முடியாதவர்களின் வீட்டுக்கே போய்ப் பயிற்சி கொடுப்பாள். எனக்குத் தெருமுனையில் மூக்குக்கண்ணாடிக் கடை, செருப்பு மாட்டாமலே போய்வரலாம். இந்த வண்டியை வாங்கியதும் அவளுக்கு இறக்கை முளைத்துவிட்டது. காலையில் கிளம்பினால் ஊரின் அந்தக் கோடிவரை போய் வருவாள். வந்ததும் யார் எழுந்து நின்றார், எந்த ரோடு குண்டும் குழியுமாக இருக்கிறது என்று ஓயாத பேச்சு. நான் உம் கொட்டிக்கொண்டிருப்பேன்.

முதல் தடவை வண்டி தானாகத்தான் நின்றது. பெட்ரோல் பம்புக்கு மின்சாரம் போகும் ஃபியூஸ் கருகியிருந்தது. நகத்தளவு பிளாஸ்டிக் துண்டு, அவ்வளவுதான். நான் போய்ப் புதிதாக ஒன்றை மாட்டினேன், வண்டி கிளம்பியது. "நீங்க மட்டும் இல்லன்னா நான் நடுத்தெருவுலதான் நின்னிருப்பேன்," என்றாள். கல்யாணமான புதிதில்தான் அவள் என்னை அப்படிப் பார்த்திருக்கிறாள்.

அந்தப் பார்வைக்காக இரண்டாவது தடவை நானே ஃபியூஸைப் பிடுங்கினேன். அது இல்லாவிட்டால் இன்ஜின் சுற்றும், பற்றாது. அவள் முட்டி மோதிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிடுவாள். நான் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடிவந்து, எதையாவது தட்டுகிற மாதிரி தட்டிவிட்டு மாட்டிவிடுவேன். வீட்டில் நிற்கும்போதுதான் எடுப்பேன், ஓடுகிற வண்டியில் விளையாட மாட்டேன். அந்தப் பொறுப்பு எனக்கு உண்டு.

மெக்கானிக் அலசிப் பார்த்துவிட்டு, "வண்டி குதிரை மாதிரி இருக்கு, உங்க வீட்டுல மட்டும் ஏன் சார் படுத்துக்குது?" என்று தலையைச் சொறிந்தார். அவள் தம்பி அதற்குப் 'புது மாப்பிள்ளை' என்று பேர் வைத்தான், எப்போது முறுக்கிக்கொள்ளும் என்று தெரியாதாம். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். குழுவில் ஒரு புண்ணியவான், ஃபியூஸைப் பாருங்கள் என்று பதில் போட்டிருந்தார். அவள் போனை என்னிடம் நீட்டினாள். "அதெல்லாம் எப்பவோ பாத்தாச்சும்மா," என்றேன். அவள் அதையே குழுவில் பதிலாகப் போட்டாள்.

சொன்ன நேரத்துக்கு வராத ஆளை நோயாளிகள் எத்தனை நாள் பொறுப்பார்கள்? ஒவ்வொருவராக வேறு ஆள் பார்த்துக்கொண்டார்கள். இடுப்பு ஒடிந்து கிடந்த ஒரு வாத்தியார் அவள் கையைப் பிடித்து நடக்க ஆரம்பித்திருந்தார். பயிற்சி விட்டுப்போய் மறுபடி படுக்கையோடு படுக்கையாகிவிட்டார் என்று தெரிந்த அன்று அவள் சாப்பிடவில்லை. எனக்கும் இறங்கவில்லை. வெட்கமாக இருந்தது. இனி தொடுவதில்லை என்று முடிவெடுத்தேன், கொஞ்ச காலம் தொடவும் இல்லை.

பிறகு அவள் அம்மா படுத்துவிட்டார்கள். அவர்கள் இருப்பது வேறு ஊர். "நானே ஓட்டிட்டுப் போயிடுறேன், ஒரு மாசம் கூட இருந்து பாத்துட்டு வரேங்க," என்றாள். ஒரு மாதம். அவள் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த காலையில் என் கை சும்மா இருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கடை லீவு, இரண்டு பேருமாகப் போகலாமே என்பதுதான் என் எண்ணம். பானெட்டை மூடிவிட்டு உள்ளே வந்தால் ஊரிலிருந்து அவள் தம்பி போனில் இருக்கிறான். "அக்கா, அம்மா உன்னத்தான் கேட்டுக்கிட்டே இருக்காங்க. உடனே கிளம்பி வா."

அவள் சாவியைத் திருப்பினாள். திருப்பிக்கொண்டே இருந்தாள். "ஏங்க, இன்னைக்கு மட்டும் எப்படியாவது பண்ணுங்க. உங்களால முடியும்," என்று என்னை ஒட்டியே நின்றாள். சட்டைப் பையில் இருப்பதை அவள் கண்ணெதிரே எப்படி எடுப்பேன்? நியாயம்தானே என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் நடுவில் அவள் கைப்பையை எடுக்க உள்ளே போனாள். அந்த நேரம் தாராளமாகப் போதும். நான் மாட்டவில்லை. இவ்வளவு நேரம் பற்றாதது இப்போது எப்படிப் பற்றியது என்று கேட்டால் என்ன சொல்வது என்று பயந்தேன். அழுகிற கண்ணோடு தனியாக ஓட்ட வேண்டாம் என்றும் நினைத்தேன். அந்த இரண்டாவது நினைப்பு ரொம்ப நாள் கழித்துத்தான் வந்தது.

வாடகைக் கார் வரத் தாமதமாகிவிட்டது. பாதி வழியில் தம்பி மறுபடி கூப்பிட்டான், அழுதான். அம்மா கடைசிவரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்களாம்.

அதிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் கிடையாது. கடைக்கு வருகிறவர்களை நிமிர்ந்து பார்க்கக் கூசுகிறது, என் பிழைப்போ கண்ணைப் பார்ப்பதுதான். அவள் இனி ஸ்டியரிங்கைத் தொடமாட்டேன் என்கிறாள். இதைத் தலைமுழுகச் சொன்னதும் அவள்தான். எங்கே போவதென்றாலும் இப்போது என்னைத்தான் கூப்பிடுகிறாள்.

உங்களிடம் சொன்னதை அவளிடம் சொல்ல எத்தனையோ தடவை வாயெடுத்திருக்கிறேன். அம்மாவை எடுத்த அன்று சாயங்காலம்கூட அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நான் ஆரம்பிக்கும் முன்னே அவள் என் தோளில் சாய்ந்து, "நீங்க என்ன பண்ணுவீங்க, பாவம். உங்கமேல ஒரு தப்பும் இல்ல," என்று சொல்லிவிட்டாள். அவளே மன்னித்துவிட்ட பிறகு, நான் போய்ச் சொல்ல என்ன இருக்கிறது, சொல்லுங்கள்.