மானுக்குக் கொடுத்த நேரம்

மேவிஸ்: …மெதுவா வாய்யா. காடு முழுக்க உன் பூட்ஸ் சத்தந்தான்.

டாரல்: மான்தான் அடிபட்டு ஓடிப்போச்சே. இனிமே யாருக்குக் கேட்டுடும்னு நான் பதுங்கணும்?

மேவிஸ்: எனக்கு. விடியறதுக்கு முன்னாடியிருந்து சத்தமே இல்லாம உட்கார்ந்து காது பழகிப்போச்சு.

டாரல்: போன்ல அப்படித் தெரியலையே. “டாரல், ஒண்ணை அடிச்சுட்டேன், தடம் பிடிக்க வா”ன்னு மூச்சு வாங்கக் கூப்பிட்டே.

மேவிஸ்: மூச்சு வாங்கினது மேடு ஏறினதால. உன்னைக் கூப்பிட்டதால இல்லை.

டாரல்: நான் அப்படிச் சொல்லலையே.

மேவிஸ்: சொல்ல வந்தே.

டாரல்: உங்க அக்கா வீட்டுக்காரன் பக்கத்துலதானே இருக்கான்? அவனைக் கூப்பிட்டிருக்கலாம். நான் முக்கா மணி நேரம் வண்டி ஓட்டிக்கிட்டு வர்றேன்.

மேவிஸ்: அவனா? சக்கரம் வெச்ச வில்லுக்காரன். தூரம் அளக்க ஒரு கருவி, குறி பார்க்க ஒரு விளக்கு, நாணைப் பிடிச்சு இழுக்க ஒரு கொக்கி… அவன் சாமானையெல்லாம் வண்டியிலேர்ந்து இறக்கவே மத்தியானம் ஆயிடும்.

டாரல்: இந்த வருஷம் குறுக்கு வில் வாங்கிட்டானாம். தோள்ல வெச்சு விசையை அழுத்தினாப் போதுமாம்.

மேவிஸ்: அடுத்த வருஷம் வீட்டு சோபாவுலேர்ந்தே வேட்டையாடுவான். நம்ம மாதிரி வெறுங்கட்டையும் நாணும் வெச்சுக்கிட்டுப் பத்துத் தப்படி கிட்டக்கப் போகணும்னா அவனுக்கு முட்டி வலி வந்துடும்.

டாரல்: “நம்ம மாதிரி.”

மேவிஸ்: என்ன?

டாரல்: ஒண்ணுமில்லை. ரொம்ப நாளாச்சு அந்த வார்த்தையைக் கேட்டு… சரி, அம்பு கிடைச்சுதா?

மேவிஸ்: இந்தா. அது நின்ன இடத்துக்கு அந்தப் பக்கம், சருகுல குத்திக்கிட்டு நின்னுச்சு.

டாரல்: ஒரு பக்கம் போய் மறுபக்கம் வந்திருக்கு. தேவதாரு அம்பு… வாசனை இன்னும் போகலை. வான்கோழி இறகு. ஆனா இது நான் கட்டின இறகு இல்லையே?

மேவிஸ்: நானே கட்டினது.

டாரல்: ஓ.

மேவிஸ்: சொல்லிடு. மூணாவது இறகு கோணலா இருக்கு. சொல்லு, இல்லேன்னா உனக்குச் சோறு இறங்காது.

டாரல்: நான் வாயையே திறக்கலை, மேவிஸ்.

மேவிஸ்: மூக்கு விடைச்சுது. பார்த்தேன்.

டாரல்: மூக்கை வீட்டுல கழட்டி வெச்சுட்டா வர முடியும்?

மேவிஸ்: ரத்தத்தைப் பாரு. எப்படி இருக்கு?

டாரல்: இரு, இந்த வெளிச்சத்துக்குத் திருப்பிக்கிறேன்… ம்ம்ம்.

மேவிஸ்: என்ன, ம்ம்ம்?

டாரல்: கொஞ்சம்… கருப்பா இருக்கு.

மேவிஸ்: கருப்பா?

டாரல்: கருஞ்சிவப்புன்னு வெச்சுக்கோயேன். நுரையீரல்ல பட்டிருந்தா வெளிர்சிவப்பா, நுரை கட்டியிருக்கும். நீ அடிச்ச நேரத்துக்கு இப்பவே போய் எடுத்துடலாம். இதைப் பார்த்தா ஈரல்ல பட்ட மாதிரி இருக்கு. அம்பு நெஞ்சைத் தாண்டிப் பின்னாடி போயிடுச்சு.

மேவிஸ்: பின்னாடி போயிடுச்சா?

டாரல்: ஒரு நாலு விரல்.

மேவிஸ்: நாலு விரல்.

டாரல்: எல்லாருக்கும் நடக்கிறதுதான். ஆனா ஈரல்னா மூணு நாலு மணி நேரமாவது விடணும். இப்பப் போய்க் கிளப்பினோம்னா எழுந்து ஓடிடும், அப்புறம் எங்கே போய்த் தேடறது? அதுக்கு நேரம் கொடுக்கணும்.

மேவிஸ்: சரி. கொடுக்கலாம்.

டாரல்: என்னது, சண்டையே போடாம உட்கார்ந்துட்டே?

மேவிஸ்: தடம் பிடிக்கிறதுல நீதானே பெரிய ஆள். வா, இந்தக் கட்டையில இடம் இருக்கு. ஈரத்துல உட்காராதே… ஏன், உன் கால்சட்டை முட்டி வரைக்கும் நனைஞ்சிருக்கு?

டாரல்: புல்லு. வண்டியைக் கொஞ்சம் கீழே நிறுத்திட்டேன்.

மேவிஸ்: மேல் ரோட்டுல வரச் சொன்னேனே.

டாரல்: மேல் ரோட்டுலதான் வந்தேன். அதுலயே கொஞ்சம் கீழே.

மேவிஸ்: ம். காபி இருக்கு. மூடி ஒண்ணுதான், நீ முதல்ல குடி.

டாரல்: சர்க்கரை போட்டிருக்கே! நீ சர்க்கரையே தொட மாட்டியே. நான் ரெண்டு ஸ்பூன் போட்டுக்கிட்டா, “காபி குடிக்கிறியா பாகு காய்ச்சுறியா”ன்னு கேட்பே.

மேவிஸ்: லக்ராஸ் டவுனுக்குக் குடி போனப்புறம் பழகிடுச்சு. ஆளு மாறக் கூடாதா?

டாரல்: மாறலாம், மாறலாம்… டவுன் வீடு எப்படி இருக்கு?

மேவிஸ்: சுவர் இருக்கு, கூரை இருக்கு. பின்பக்கம் வில்லு பழக இடம் இல்லை. கார் ஷெட்டுக்குள்ள வைக்கோல் கட்டை நிறுத்தி, கதவைச் சாத்திக்கிட்டு விடுவேன். எதிர்வீட்டுக்காரி நான் ஏதோ கள்ளச் சாராயம் காய்ச்சுறேன்னு நினைச்சிருக்கா.

டாரல்: தனியாவா?

மேவிஸ்: பின்னே? சாராயத்துக்குக் கூட்டா சேர்ப்பாங்க?

டாரல்: இல்லை… கதவைச் சாத்திக்கிட்டா கை சரியா விடுதா?

மேவிஸ்: விடுது. உனக்கு முன்னாடி நின்னாத்தான் விரல் நாணை விட மாட்டேங்கும். இல்லேன்னா தாடைக்கு வர்றதுக்கு முன்னாடியே விட்டுத் தொலைக்கும்.

டாரல்: கோடைப் போட்டியில குறிக்கு வெச்ச அந்த ரப்பர் மான்…

மேவிஸ்: அதைப் பேசாதே.

டாரல்: நான் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னேன்.

மேவிஸ்: “முழங்கை.” பின்னாடியிருந்து, அத்தனை பேருக்கு நடுவுல. “முழங்கை, மேவிஸ்.” அம்பு போய் எலுமிச்சை ஜூஸ் கடைக் கூரையில நின்னுச்சு.

டாரல்: அந்தக் கடைக்காரர் இன்னும் அதைப் பிடுங்கலை. வர்றவங்களுக்கெல்லாம் காட்டுறார்.

மேவிஸ்: சிரிக்காதே… நான் சிரிச்சா நீயும் சிரிக்கணும்னு இல்லை.

டாரல்: உன் நல்லதுக்குத்தான் சொன்னேன், மேவிஸ்.

மேவிஸ்: தெரியும். கல்யாணம் பண்ணின நாள்லேர்ந்து நல்லதுக்கே சொன்னே. முழங்கை இறங்குது, தோள் ஏறுது, பெருவிரல் தாடையைத் தொடலை. ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு அம்புக்கு, “நல்லாருக்கு”ன்னு சொன்னியா?

டாரல்: மனசுக்குள்ள சொல்லுவேன்.

மேவிஸ்: மனசுக்குள்ள சொன்னது எனக்கு எப்படிய்யா கேட்கும்? அதுக்காகத்தான் வீட்டை விட்டுப் போனேன்னு சொன்னா ஊர்ல சிரிக்கிறாங்க. அவன் குடிக்கலை, அடிக்கலை, அப்புறம் என்னம்மாங்கிறாங்க.

டாரல்: …காபி ஆறிடுச்சு. நீ குடி.

மேவிஸ்: உடனே பேச்சை மாத்திடு.

டாரல்: எப்படி வந்துச்சுன்னு சொல்லேன். மான்.

மேவிஸ்: எதுக்கு? முழங்கை எங்கே இருந்துச்சுன்னு கேட்கவா?

டாரல்: அப்படி ஒரு உறுப்பு இருக்கிறதே எனக்குத் தெரியாது. சொல்லு.

மேவிஸ்: முதல்ல சத்தந்தான். ஓக் கொட்டையைக் கடிக்கிற சத்தம். கடுக், கடுக்… அப்புறம் ரொம்ப நேரம் ஒண்ணுமில்லை. போயிடுச்சுன்னு நினைச்சேன். திரும்பிப் பார்த்தா, அதோ, அந்தச் சாஞ்ச மரத்துக்கிட்ட நிக்குது.

டாரல்: அவ்வளவு கிட்டவா!

மேவிஸ்: இமை முடி தெரிஞ்சுது, டாரல். மூச்சு விட்டா மூக்குல புகை வருது. காத்து என் பக்கம் அடிச்சுது. காட்டு வாசனை, ஈர மயிர் வாசனை… சக்கர வில்லுக்காரனுக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது. அவனுக்கு அது கண்ணாடிக்குள்ள ஒரு புள்ளி.

டாரல்: இழுத்தியா?

மேவிஸ்: எப்ப இழுத்தேன்னே தெரியலை. யோசிச்சிருந்தா இழுத்திருக்க மாட்டேன். பெருவிரல் தாடையில வந்து தொட்டுச்சு, அவ்வளவுதான் நினைவு. நாண் விட்ட சத்தங்கூட யாரோ பக்கத்துல பெருமூச்சு விட்ட மாதிரிதான் இருந்துச்சு.

டாரல்: அந்த வில்லு அப்படித்தான். பழைய வேலியில கிடந்த ஓசேஜ் மரக்கட்டை, நாலு வருஷம் காய வெச்சேன். நீ போகும்போது அடுப்பு, கட்டில், உங்கம்மா கொடுத்த பீங்கான் எல்லாத்தையும் விட்டுட்டு, இதை மட்டும் எடுத்துக்கிட்டுப் போனே.

மேவிஸ்: இது எனக்குச் செஞ்சது. மத்ததெல்லாம் வீட்டுக்கு வாங்கினது.

டாரல்: ம்.

மேவிஸ்: வில்லு வேலை எப்படிப் போகுது? ஆளுங்க வர்றாங்களா?

டாரல்: வர்றாங்க. வில்லும் போகுது. போனது திரும்பியும் வருது.

மேவிஸ்: திரும்பியா? உன் வில்லா? உடைஞ்சா?

டாரல்: உடையலை. நீளமான கைக்கு வளைய மாட்டேங்குது. அயோவாவுலேர்ந்து ஒருத்தன் வந்தான், பனைமரம் மாதிரி நெடுநெடுன்னு. இழுத்தான். பாதியிலயே கல்லு மாதிரி நின்னுடுச்சு. “இதை யாருக்குச் செஞ்சீங்க?”ன்னு கேட்டான்.

மேவிஸ்: அளவு எடுத்துத்தானே செய்வே?

டாரல்: எடுப்பேன். எழுதியும் வெச்சுக்குவேன். ஆனா சீவறப்போ இழுத்து இழுத்துப் பார்க்கணும் இல்லையா… கை ஒரு இடத்துல போய் நின்னுடுது. உன் தாடை எங்கே இருக்குமோ அங்கே. அதுக்கு மேல அந்தக் கட்டையை வளைக்கக் கத்தி ஓட மாட்டேங்குது.

மேவிஸ்: …அவன்கிட்ட என்ன சொன்னே?

டாரல்: மரம் சரியில்லைன்னு சொன்னேன்.

மேவிஸ்: மரத்து மேல பழி.

டாரல்: மரம் மறுத்துப் பேசாதே.

மேவிஸ்: டாரல்.

டாரல்: சொல்லு.

மேவிஸ்: ஈரல்ல பட்ட மான் உடனே சாகாது இல்லை?

டாரல்: அது… இல்லை. கொஞ்ச நேரம் ஆகும்.

மேவிஸ்: அப்ப நாம இங்கே கட்டையில உட்கார்ந்து காபி குடிச்சுச் சிரிக்கிறப்போ, அது எங்கேயோ படுத்துக்கிட்டு… வலியோட…

டாரல்: அப்படியெல்லாம் நினைக்காதே.

மேவிஸ்: நினைக்காம? அம்பு விட்டவ நான். நாலு விரல் பின்னாடின்னு நீதானே சொன்னே.

டாரல்: நாலு விரல்ங்கிறது ஒரு… ரெண்டு விரல்னுகூட வெச்சுக்கலாம்.

மேவிஸ்: ஆள் பார்க்காத இடத்துல, யோசனையே இல்லாம, இதுக்கு மேல எனக்கு வராதுங்கிற மாதிரி ஒரு அம்பு. அதுவும் தப்பாப் போச்சுன்னா அப்புறம் என்ன இருக்கு? வேண்டாம். இந்த வில்லை நீயே எடுத்துக்கிட்டுப் போயிடு. நான் இனிமே தொடலை.

டாரல்: ஏய், என்ன பேச்சு இது?

மேவிஸ்: வாங்கிக்கோ. நாணையும் அவுத்துட்டேன் பாரு. கையை நீட்டு.

டாரல்: மேவிஸ், வேண்டாம்.

மேவிஸ்: அந்த நெட்டைக்காரனுக்குக் கொடுத்துடு, சுவர்ல மாட்டி வெச்சுக்கட்டும்.

டாரல்: ரத்தம் கருப்பா இல்லை!

மேவிஸ்: என்ன?

டாரல்: கருப்பா இல்லை. நல்ல வெளிர்சிவப்பு. நுரைகூட இருந்துச்சு… வெளிச்சத்துக்குத் திருப்பறேன்னு சொல்லிட்டுப் பெருவிரலால தேய்ச்சுட்டேன்.

மேவிஸ்: ஏன்?

டாரல்: அது மட்டுமில்லை. நான் மேல் ரோட்டுல வரலை. ஓடை வழியா வந்தேன். வர்ற வழியிலயே பார்த்துட்டேன். அந்தப் பக்கம் பெரணிப் புதருக்குள்ள சாஞ்சு கிடக்கு. ஓட ஆரம்பிச்ச வேகத்துலயே விழுந்திருக்கு, மேவிஸ். அதுக்கு வலி தெரிய நேரமே இருந்திருக்காது.

மேவிஸ்: பார்த்துட்டு, என்கிட்ட வந்து நாலு விரல்னு சொன்னே.

டாரல்: நுரையீரல்னு சொன்னா உடனே எழுந்து போகணும். போனா, மான் கிடைச்சுடும். கிடைச்சா அதைத் தூக்கி உன் வண்டியில போடணும். போட்டா, நீ கையைத் துடைச்சுக்கிட்டு, தேங்க்ஸ் டாரல்னு சொல்லிட்டு, லக்ராஸ் பக்கம் திருப்பிடுவே. ஈரல்னா… மூணு மணி நேரம் இருக்கே.

மேவிஸ்: என் பக்கத்துல உட்கார ஒரு சாக்கு வேணும்னு, என் அம்பைக் குறை சொன்னே.

டாரல்: வேற எதுவும் வாயில வரலை. அது ஒண்ணுதான் பழகியிருக்கு.

மேவிஸ்: அப்ப அம்பு?

டாரல்: நல்ல அம்பு.

மேவிஸ்: கேட்கலை.

டாரல்: நல்லாருக்கு, மேவிஸ். ரொம்ப நல்லா விட்டிருக்கே. இத்தனை வருஷத்துல இப்படி ஒரு அம்பு நானே விட்டதில்லை… அழாதே. எழுந்திரு, காட்டறேன். நான் கிட்டக்கூடப் போகலை, தூரத்துலயே நின்னுட்டேன். உன் மான். நீதான் முதல்ல போய்த் தொடணும்.

மேவிஸ்: தொட்டாச்சுய்யா. கிட்டப் போயிருந்தா நீயே பார்த்திருப்பே. அது காதுல என் பேரு போட்ட வேட்டை அனுமதிச் சீட்டைக் கட்டி முடிச்சுட்டுத்தான் உனக்குப் போன் பண்ணினேன்.