ஒரே மரத்தில் இரண்டு கேமரா

— படத்துக்குக் கீழே தேதியும் நேரமும் வர்ற பட்டையை எதுக்கும்மா அணைச்சு வெச்சே?

— நியாயத்துக்குத்தான், அண்ணா. பட்டை இருந்தா இது கடையில வாங்கின கேமரான்னு எங்க நீர்நாய்க் கணக்கெடுப்புக் குழுவுல எல்லாருக்கும் தெரிஞ்சுடும். படத்தை மட்டும் பார்த்து முடிவு பண்ணட்டும்.

— நியாயமாம்! உன் வீட்டுக்காரர் வாங்கிட்டு வந்ததுக்கு உறை தைச்சுப் போட்டிருக்கே. நான் செஞ்சதை சாப்பாட்டு டப்பான்னு சொல்றே.

— அது சாப்பாட்டு டப்பாதானே?

— இருந்தா என்ன? ஆறு வருஷமா உன் நீர்நாயை எல்லாம் அந்த டப்பாதானே படம் பிடிச்சுது? பழைய கேமரா, வாசல் விளக்கு சென்சார், என் ரேடியோ ரிப்பேர் கடை வயரு. ஒவ்வொண்ணும் என் கையால பத்த வெச்சது.

— நீர்நாயைப் பிடிக்கலைண்ணா. நீர்நாயோட வாலைப் பிடிச்சுது.

— தெரியும்மா.

— உன் கேமரா கண்ணு முழிச்சுப் பார்க்கறதுக்குள்ள அது தண்ணிக்குள்ள போயிடுது. நூத்திப் பத்து வால் வெச்சிருக்கேன். வாலைப் பார்த்து எது எந்தக் குடும்பம்னு எப்படிச் சொல்றது? ஆத்தங்கரையில எட்டு இடம். எட்டுலயும் ஒரே ரகம்தான் வைக்கணும்னு குழு சொல்லிடுச்சு.

— மாப்பிள்ளை வர்ற வரைக்கும் வால் போதும்னு இருந்துச்சு.

— ஆரம்பிச்சுட்டியா?

— நான் ஒண்ணும் ஆரம்பிக்கலை. அவர் கடைக்குப் போனார், காசைக் கொடுத்தார், பெரிய விஞ்ஞானி ஆயிட்டார். இப்ப எதுக்கெடுத்தாலும் "அவரைக் கேட்டுச் சொல்றேன்". முன்னெல்லாம் என்னைத்தான் கேட்பே.

— இப்பவும் உன்னைத்தானே கேட்டேன்? ஒரே மரத்துல மேலயும் கீழயுமா கட்டி ஒரு வாரம் விட்டோம். காலையில கழட்டிட்டு வரச் சொன்னதும் உன்னைத்தான். படம் பதிவாகுற கார்டையும் உன் கண்ணு முன்னாடியே எடுக்கிறேன். முதல்ல உன் டப்பா. சரியா?

— எடு, எடு. நல்லா எடு.

— என்ன, இவ்வளவு தெம்பா உட்கார்ந்திருக்கே?

— இந்தத் தடவை சென்சாரைக் கொஞ்சம் திருகி வெச்சிருக்கேன். பாரேன்.

— ஐயோ!

— என்ன? முகமா?

— புல்லு.

— புல்லா?

— மூவாயிரத்து நானூறு படம். காத்துல ஆடுற புல்லு, வெயில்ல ஆடுற புல்லு... கார்டே நிரம்பிப்போச்சு. என்னத்தைத் திருகி வெச்சே நீ?

— இருக்காது. கடைசி வரைக்கும் பாரு.

— பார்த்துட்டேன். கடைசிப் படமும் புல்லுதான். சரி, அவரோடதைப் பார்ப்போம்... பதினோரு படம்தான் இருக்கு. வால்... வால்... அண்ணா!

— என்ன?

— இங்கே வா. அட வாயேன்! தாயும் மூணு குட்டியும். பாறை மேல நின்னு நேரா நம்மளையே பார்க்குது. மீசையில தண்ணி சொட்டுறது வரைக்கும் தெரியுது. ஆறு வருஷத்துல இப்படி ஒண்ணு கிடைச்சதே இல்லை.

— ...நல்லாத்தான் இருக்கு.

— நல்லாத்தான் இருக்கா? இடது மூலையில மட்டும் கறுப்பா ஒரு வளைவு விழுந்திருக்கு. இலை ஏதோ மறைச்சிருக்கும்போல. பரவாயில்லை.

— எங்கே? காட்டு.

— இதோ.

— இலை இவ்வளவு வட்டமா இருக்காதும்மா. டப்பாவுல கத்தியால ஓட்டை போட்டா அதோட விளிம்பு இப்படித்தான் விழும்.

— அவரோடதுல ஏது ஓட்டை? விடுண்ணா, தோத்துட்டே. பெரிய மனசு பண்ணி ஒத்துக்கோ. இரு, அவருக்குப் போன் போட்டுச் சொல்லிடறேன். குதிப்பார். அவர் பேரைப் போட்டே குழுவுக்கு அனுப்பிடலாம்.

— போனை வை.

— ஏன்? ஒரு நல்ல சேதியை அவர்கிட்ட சொல்லக்கூடப் பொறுக்கலையா உனக்கு?

— பொறுக்கலை.

— வாய்விட்டே சொல்றியே! பொறாமைக்கும் ஒரு அளவு வேணாமா? அந்தப் படம் யாருக்கு விழுந்துதோ அவங்க பேரைத்தானே போடணும்? ...மணி அடிக்குது, சும்மா இரு.

— வைன்னு சொன்னேன்! கடைக் கேமராதான் ஜெயிக்கும்னு நினைச்சு, காலையில மரத்தடியிலேயே ரெண்டு கார்டையும் நான்தான் மாத்திப் போட்டேன்.