மிண்டாதே

காது நல்லாக் கேக்கும் டீச்சர். டெஸ்ட் எடுத்து ரிப்போர்ட்டே குடுத்துட்டாக, இந்தா அந்தப் பையில இருக்கு. பேரச் சொல்லிக் கூப்புட்டா சட்டுன்னு திரும்புவான். ஏலே கர்ணா... பாத்தீகளா, திரும்புறான்ல? வாயத்தான் தெறக்க மாட்டேங்குறான்.

வர்ற தையில மூணு முடியுது. மொத வார்த்தை எப்பச் சொன்னானா? அதெல்லாம்... ஒண்ணும் சொல்லல டீச்சர். இல்லன்னே எழுதிக்கங்க. தவந்ததெல்லாம் ஏழாம் மாசமே. பதினொண்ணுல நடந்துட்டான். அதுல ஒரு கொறையும் இல்ல. இவுகப்பாவும் நாலு வயசுலதான் பேச ஆரம்பிச்சாகளாம். அந்த வாகுதான்னு அவுக தைரியமா இருக்காக.

செல்போனா? அய்யோ, கையிலயே குடுக்க மாட்டேன். அதுக்கு எங்கன நேரம்? விடிஞ்சதும் கம்பத்துல ஜீப்பு ஏறணும், கம்பமெட்டு தாண்டி கேரளாவுல ஏலக்காத் தோட்டத்துல கா எடுக்க. வீட்ல பாத்துக்க ஆளில்ல. ஆறு மாசப் புள்ளையிலருந்து இவனையும் தூக்கிட்டுத்தான் போனேன்.

வெளையாட்டா? அது நல்லா வெளையாடுவான். செடிக்கடியில சாக்க விரிச்சு உக்கார வச்சா, உதுந்து கெடக்குற காயப் பொறுக்கி டப்பாவுல போடுவான், கொட்டுவான், மறுபடியும் போடுவான். ஒரு சத்தம் வராது. ஜீப்புல வர்ற பொம்பளைக எல்லாம், என்னா சமத்து மலையம்மா உம் புள்ளன்னு சொல்லுவாக. எனக்கும் பெருமையா இருக்கும் டீச்சர்.

அங்கன என்ன பண்றான்னு பாக்குறீகளா? ஒண்ணுமில்ல, பொம்மைய வச்சு வெளையாடுறான். ஆமா, சேருக்கடியில தள்ளுறான். துண்டப் போட்டு மூடுறான். அது வாய எதுக்குப் பொத்துறான்னா... அது ஒரு வெளையாட்டு. வீட்லயும் இதான்.

நாஞ் சொல்லிக் குடுத்ததுதான் டீச்சர்.

கைப்புள்ளையோட வேலைக்கு வரக்கூடாதுன்னு கங்காணி சொல்லிட்டாக. பாத்தா மறுநாளு ஜீப்புல ஏறாதேம்பாக. அதனால அவுக வர்ற சத்தம் கேட்டா இவன் மேல சாக்கப் போட்டு மூடி, ஒதட்டுல வெரல வச்சு, மிண்டாதேம்பேன். மலையாளத்துல பேசாதேன்னு அர்த்தம். அங்கன எந்நேரமும் காதுல விழுகுற வார்த்தை. தமிழ்லயே சொல்றதுக்கென்னன்னு கேக்குறீகளா? பெத்தவ வாயால பச்சப்புள்ளையப் பாத்துப் பேசாதேன்னு சொன்னா பலிச்சிருமோன்னு பயம். வேத்து பாஷையில சொன்னா சாமிக்குப் புரியாதுன்னு நெனச்சேன் போல, கிறுக்கச்சி. சாமிக்குப் புரிஞ்சுச்சோ என்னமோ, இவனுக்கு நல்லாப் புரிஞ்சிருச்சு.

கங்காணி அந்தப் பக்கம் போனதும் சாக்க வெலக்கி முத்தம் குடுப்பேன். கெக்கெக்கேன்னு சிரிப்பான். செயிச்சுட்டான்ல. பெறகு பெறகு அந்தச் சிரிப்புலயும் சத்தம் கொறஞ்சு போச்சு. அப்பக்கூட எனக்கு உறைக்கலயே.

இதனால மட்டும் பேச்சு நிக்காதா? நீங்க ஆறுதலுக்குச் சொல்றீக. இல்லையா? நெசமாவா? பயிற்சி குடுத்தா வருமா? எத்தன மணிக்குன்னாலும் சொல்லுங்க, கூட்டியாறேன். வேலைய நிப்பாட்டி நாலு மாசமாச்சு. இவம் முன்னால உக்காந்துக்கிட்டு, அம்மா சொல்லு, அம்மா சொல்லுன்னு உசுர விடுறேன். என் வாயவே உத்துப் பாப்பான். பாத்துட்டு, எந்திரிச்சு வந்து, அவன் வெரல எடுத்து என் ஒதட்டு மேல வச்சிருவான்.

அந்த ஃபாரத்துல மொத வார்த்தை இல்லன்னு எழுதிட்டீகள்ல? அத அடிச்சிருங்க டீச்சர். பத்தாம் மாசம்னு போடுங்க. இவுகப்பாகிட்டக்கூட நாஞ் சொல்லல. சாக்குக்குள்ளருந்து சொன்னான், அம்மான்னு. கங்காணி ரெண்டு செடி தள்ளி நிக்கிறாக. கைய உள்ள விட்டு வாயப் பொத்திட்டேன்.

பொத்துன பெறகும் இன்னொருக்கச் சொன்னான். உள்ளங்கையில தெரிஞ்சுச்சு.